அத்தையின் காலை நான் உதைக்கவில்லை

எங்கள் குடும்பத்தில் ஒரு பொய் பதினேழு வருடமாக நன்றாகத் தின்று கொழுத்து நடமாடிக்கொண்டிருக்கிறது. எட்டு வயதில் நான் என் அத்தையின் குதிகாலில் எட்டி உதைத்தேன், அதனால்தான் அவள் போலீஸ் வேலைக்குப் போக முடியவில்லை என்பது அந்தப் பொய். கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு என்று எங்கே நாலு பேர் கூடினாலும், சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடுகிற நேரத்துக்கு யாராவது ஒருவர் இதை ஆரம்பித்துவிடுவார். "இவ ஒரு ஒதை ஒதச்சா பாரு, ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவ மாவாட்டப் போயிட்டா!" உடனே எல்லாரும் சிரிப்பார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு உச்சியில் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிற விஷயமா இது? போன மாதமும் இதே கதை நடந்தது. இனிமேல் வாயை மூடிக்கொண்டு இருப்பதாக இல்லை.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்ததாம். பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் அப்படிப் பிறந்தவர்களின் காலுக்கு ஒரு சக்தி உண்டு என்று நம்புவார்கள். யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டாலும், கணுக்கால் சுளுக்கிக்கொண்டாலும், விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "பாப்பாவ கொஞ்சம் அனுப்புங்க, ஒரு மிதி மிதிச்சிட்டு வரட்டும்." நானும் பல்கூட விளக்காமல் போய், குப்புறப் படுத்திருக்கிற பெரிய மனிதர்களின் மேல் இடது காலை மூன்று முறை வைத்து எடுப்பேன். அப்பாடா என்பார்கள். கையில் கடலை மிட்டாய் கிடைக்கும். ஊரில் வைத்தியம் பார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அந்தத் திமிருக்கும் சேர்த்துத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். நன்றாகப் படித்தாள், படிப்பைவிட நன்றாக ஓடினாள். போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அப்பாவிடம் போய் நின்றாள். அரூர்ப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையை ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "ஒரே தடவை எழுதிக்க. கெடைச்சா வேலைக்குப் போ. கெடைக்கலன்னா வாயத் தொறக்காம கழுத்த நீட்டணும்." அத்தை ஒத்துக்கொண்டாள். அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் அவளுக்கு வயதும் தாண்டிவிடும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது ஓட்டமும் நீளம் தாண்டுவதும்தான். அதைப் 'பிசிக்கல்' என்பார்கள். வீட்டில் அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்போது எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் மழை இல்லாமல் ஏரி காய்ந்து கிடந்தது. அத்தை கயிறு வைத்து அளந்து, நாலு மூலையிலும் செங்கல் நட்டு, நானூறு மீட்டர் ஓட்டப் பாதை ஒன்றை உண்டாக்கிவிட்டாள். அப்பாவின் பழைய சட்டையும் சுடிதார் பேண்ட்டும் போட்டுக்கொண்டு விடிகாலையில் ஓடுவாள். வயசுப் பெண் தனியாகப் போகக் கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்புவார்கள். துணையாம்! முழங்கைக்குக்கூட வராத நான் என்ன துணை? ஆனால் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று "ரெடி, ஸ்டார்ட்" என்று சொல்லிக் கை தட்ட வேண்டும். முன்னால் நின்றால் திட்டுவாள். எதிரில் ஆள் நின்றால் அவளுக்கு ஓட்டம் வராதாம்.

சாயங்காலம் இன்னொரு வேலை உண்டு. அத்தை பள்ளி விட்டு வந்த என்னைக் கூப்பிட்டு, கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு காலை அமுக்கச் சொல்வாள். இரண்டு பாதமும் கட்டிலுக்கு வெளியே தொங்கும். அப்படி அமுக்கும்போதுதான் நான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இருக்கிற கெண்டைச்சதையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினால், கீழே தொங்கும் பாதம் தானாக அசையும். அத்தை அசைப்பதில்லை. அவள் தூங்கினாலும் அசையும். பாதம் தலையாட்டுகிறது என்று எனக்கு ஒரே குஷி. அதனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். "அத்தை போலீஸ் ஆவாளா?" ஒரு அழுத்து. பாதம் ஆமாம் என்று ஆட்டும். "எனக்கு ஜீப்புல எடம் கொடுப்பாளா?" அதற்கும் ஆமாம். அத்தை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள். "என் காலு உனக்கு ஜோசியம் சொல்லுதா?" என்பாள். ஒரு நாளும் அந்தப் பாதம் என்னிடம் இல்லை என்று சொன்னதே கிடையாது.

பிசிக்கலுக்குப் பதினோரு நாள் இருந்தது. அன்றைக்கும் வழக்கம்போல ஐந்தடி தள்ளி அத்தைக்குப் பின்னால் நின்றேன். ரெடி, ஸ்டார்ட் என்று கை தட்டினேன். அத்தை இடது காலை முன்னால் வைத்து, வலது காலைத் தரையில் ஊன்றி உந்தினாள். டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த துவரைக் குச்சியை முறித்த மாதிரி இருந்தது. அத்தை அப்படியே நின்றாள். நின்று, திரும்பி, என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வலி இல்லை. நீயா இப்படிச் செய்தாய் என்கிற மாதிரி ஒரு பார்வைதான்.

"ஏண்டி ஒதச்ச?"

நான் உதைக்கவில்லை என்றேன். "பின்ன யாரு? ஏரியில வேற யாரு இருக்கறாங்க?" என்றாள். சுற்றிப் பார்த்தேன். ஒரு கொக்குகூட இல்லை. கல் ஏதாவது வந்து விழுந்ததா என்று தேடினேன், அதுவும் இல்லை. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தாள். நடக்க முடிந்ததே, அதனால் சுளுக்காகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். நடந்தால் சுளுக்கு, நடக்க முடியாவிட்டால் எலும்பு முறிவு. எங்கள் ஊர் வைத்திய சாஸ்திரத்தில் இருந்ததே இந்த இரண்டு வியாதிதான்.

வீட்டில் நடந்தது இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளை ஒரு உதை விட்டால் ஓடுகிற பெண்ணின் கால் இப்படி ஆகுமா என்று ஒருவர், ஒரே ஒருவர், யோசிக்க வேண்டாமா? யோசித்தார்கள். யோசித்து அம்மாவே பதிலும் சொன்னாள். "காலாப் பொறந்தவ ஒதை சும்மாவா இருக்கும்?" அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. நாலு அடி வரைக்கும் இல்லை இல்லை என்றுதான் சொன்னேன். "ஒத்துக்கிட்டா விட்டுடறேன்" என்றாள் அம்மா. ஐந்தாவது அடிக்கு ஆமாம் என்றேன். ஏன் உதைத்தாய் என்று கேட்டதற்குச் சும்மா என்றேன். விளக்குமாறு மூலைக்குப் போனது. அதைவிட மோசம் என்னவென்றால், படுக்கும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சக்தி உள்ள கால் ஆயிற்றே, எனக்குத் தெரியாமலே நீண்டு போய் உதைத்திருக்குமோ என்று போர்வைக்குள் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

உதைத்த கால்தான் சுளுக்கை எடுக்கவும் வேண்டும் என்று அடுத்த தீர்ப்பு வந்தது. மூன்று நாள் விடிகாலையில் அத்தையைக் குப்புறப் படுக்கப் போட்டு என்னை மிதிக்கச் சொன்னார்கள். மிதிக்கிறவள் பேசக் கூடாது, பேசினால் பலிக்காது. முதல் நாள் என் காலை வைத்ததுமே உள்ளங்காலில் ஏதோ வித்தியாசமாகப்பட்டது. குதிகாலுக்கு மூன்று விரல் மேலே, கம்பி மாதிரி விறைப்பாக இருக்கிற இடத்தில், பொதுக்கென்று ஒரு பள்ளம். எத்தனை கால்களை மிதித்திருக்கிறேன், யாருக்கும் அங்கே பள்ளம் இருந்ததில்லை. "இங்க பள்ளமா இருக்குது" என்று வாயைத் திறந்தேன். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள். "பேசாம மிதி. பேசுனா பலிக்காதுன்னு தெரியாது உனக்கு?" அத்தை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் அந்த இடம் முழுக்க வீங்கி, பள்ளமும் மூடிப்போய்விட்டது. நல்ல வைத்தியம்! அறுந்துபோன இடத்தில் ஏறி நின்று மூன்று நாள் மிதித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சமாதானம் பேசலாம் என்று அத்தை பக்கத்தில் போனேன். அவள் குப்புறப் படுத்துக் கண்ணை மூடியிருந்தாள். வலது கால் கெண்டைச்சதையை மெதுவாகப் பிடித்து, "என் மேல கோவமா?" என்று கேட்டு அழுத்தினேன். பாதம் அசையவில்லை. சரி, கோபம் இல்லை போல என்று சந்தோஷப்பட்டேன். "அப்போ அத்தை போலீஸ் ஆவாளா?" அதற்கும் அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். செத்த கோழியின் தலை மாதிரி சும்மா தொங்கியது. இடது காலிடம் கேட்டேன். அது பாட்டுக்கு ஆமாம் என்று ஆட்டியது. வலது கால் மட்டும் என்னோடு கா விட்டுவிட்டது என்று புரிந்துகொண்டேன். உதைத்தவளிடம் எந்தக் கால்தான் பேசும்? அழுகை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வீக்கம் வடியவில்லை என்று நாலாம் நாள் தருமபுரிக்குப் பஸ் ஏறினோம். அப்பா, அம்மா, அத்தை, நான். குற்றவாளியை ஏன் கூட்டிப்போனார்கள் என்று கேட்காதீர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. டாக்டர் பெயர் வேண்டாம். கூட்டமான இடம். உள்ளே போனதும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போய் நீட்டினோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். படத்தைப் பார்த்த நேரத்தில் பாதி நேரம் காலைப் பார்த்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"ஓட ஆரம்பிச்சேங்க சார். பின்னாலருந்து யாரோ ஒதச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றாள் அத்தை.

இதைத்தான் அவள் சொன்னாள். ஒதச்ச மாதிரி. நான்கு நாளில் அவளுக்கே எங்கேயோ ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். அம்மா விட்டால்தானே! "மாதிரி என்னங்க மாதிரி? இவதான் சார் ஒதச்சா. அவளே ஒத்துக்கிட்டா" என்று என்னை முன்னால் தள்ளினாள். டாக்டர் என்னைப் பார்த்து, "நீதான் ஒதைச்சியா பாப்பா?" என்று கேட்டார். சிரித்த முகம்தான். அம்மாவின் கை என் பிடரியில் இருந்தது. நான் தலையாட்டினேன்.

அதோடு அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விரலை ஆட்டச் சொன்னார், அத்தை ஆட்டினாள். பாதத்தைக் கீழே அமுக்கச் சொன்னார், அதையும் கொஞ்சம் செய்தாள். "எலும்பு நல்லா இருக்கு, நரம்பும் நல்லா இருக்கு. சின்னப் புள்ள ஒதைச்ச அடிதான், ஒரு வாரத்துல சரியாயிடும்" என்று மாத்திரை எழுதினார். அந்தக் கால் என்னோடு பேசவில்லை என்று சொல்ல என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. யார் நம்புவார்கள் அதை? வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே என்று அவருக்கு நிம்மதி.

பதினோராம் நாள் அத்தை காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அப்பாவோடு மைதானத்துக்குப் போனாள். முதல் திருப்பம் வரைக்கும்தான் ஓடினாளாம், ஓட்டம் என்றுகூடச் சொல்ல முடியாதாம். அப்பா திரும்பி வந்து அவளுடைய சர்டிபிகேட் பையைப் பரண் மேல் தூக்கிப் போட்டார். அத்தை கை கால் கழுவிக்கொண்டு போய்ச் சோறு வடித்தாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தையில் கழுத்தை நீட்டினாள். இப்போது அரூரில் மாவு அரைத்து விற்கிறாள். வலது காலை இழுத்துப் போட்டுத்தான் நடப்பாள். நுனிக்காலில் எக்கி நிற்க வராது. பரணில் இருக்கிற பாத்திரம் வேண்டுமென்றால் ஸ்டூல் போட வேண்டும்.

நான் பிசியோதெரபி படிக்கப் போனேன். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், எங்கள் மேடம் ஒரு மாணவியைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் இரண்டும் மேஜைக்கு வெளியே தொங்கும்படி இழுத்துவிட்டார். கெண்டைச்சதையைப் பிடித்து அழுத்தினார். பாதம் தலையாட்டியது. "ஆடுனா குதிநாண் முழுசா இருக்கு. ஆடலன்னா அறுந்திருக்கு" என்றார். கெண்டைச்சதையைக் குதிகாலோடு கட்டியிருக்கிற தடித்த நாண் அது, ஊரில் அதையும் நரம்பு என்றுதான் சொல்வோம். அது அறுந்தாலும் விரலை ஆட்டலாம், பாதத்தைக் கொஞ்சம் அமுக்கலாம், நொண்டி நடக்கலாம், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, அதனால் ஏமாந்துவிடாதீர்கள் என்றார். மேலே விரலை வைத்துத் தடவினால் பள்ளம் தெரியும் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அறுந்த உடனே பின்னாலருந்து யாரோ ஒதச்ச மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்துப் பக்கத்துல நிக்கறவனோட சண்டைக்குப் போயிடுவாங்க" என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இரண்டு கை. இரண்டு நொடி. கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். எட்டு வயதில் நான் விளையாட்டாகச் செய்ததைச் செய்ய அந்த மனிதருக்கு எழுந்து நிற்க மனம் வரவில்லை. அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா. ஆனா ஒதைக்காம நரம்பு எப்புடி அறும்?" என்றார். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. பிறகு பல வருடம் எங்கே இந்தக் கதை வந்தாலும் எழுந்து போய்விடுவேன். கோபக்காரி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

போன மாதம் ஒரு காதுகுத்து. வெற்றிலைத் தட்டு வந்தது, கதையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த முறை நான் எழுந்து போனேன், ஆனால் அத்தையின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். உள் அறையில் கட்டிலில் குப்புறப் படு என்றேன். "என்னாடி, இந்த வயசுல ஜோசியம் பாக்கப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே படுத்தாள். அவளுடைய மகளிடம் என் போனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னேன். முதலில் இடது கால். அழுத்தினேன், பாதம் பழையபடி பலமாகத் தலையாட்டியது. பிறகு வலது கால். பதினேழு வருடத்தில் நாண் எப்படியோ நீளமாக ஒட்டிப்போயிருக்க வேண்டும், அசைந்தும் அசையாத மாதிரி இருந்தது. மூன்று தடவை அழுத்தினேன். அத்தையின் மகள் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அத்தை எழுந்து உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தாள். இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தாள். நான் விளக்கினேன். அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் பதினோரு நாளில் ஓடியிருக்கலாம் என்று சொன்னால் அது பொய்ச் சமாதானம், ஆனால் தைத்திருக்கலாம், நொண்டாமல் நடந்திருக்கலாம், நான் உதைத்தேன் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டியதில்லை என்றேன். வெளியே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நீ ஒதைக்கவே இல்லியா?"

"இல்ல அத்த."

அவள் புடவையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அப்போது வந்தது.

"பின்ன ஏண்டி அந்த டாக்டரு கேட்டப்ப தலையாட்டுன?"

இத்தனை வருடம் அம்மா மேலும் அப்பா மேலும் அந்த டாக்டர் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த அறையில் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தலையை ஆட்டினால் அடி விழாது என்பது மட்டும்தான் எட்டு வயதில் எனக்குத் தெரியும். ஆட்டிய பிறகு யாரும் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள் என்று தெரியாது.